பாக்கெட் குயின்ஸ், கிங்ஸ், ஏஸ்-கிங் வந்தும் ஃபோல்ட் பண்ணணுமா? லைவ் போக்கர்ல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகஸ்ல நிறைய போக்கர் ரூம்கள்ல ஒரு 1/3 டாலர் நோ லிமிட் ஹோல்டம் டேபிள் ஓடிக்கிட்டிருக்கும், ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 3 டாலர், ஆளுக்கு முன்னாடி 300 டாலர் சிப்ஸ். அந்த டேபிளை மனசுல வெச்சுத்தான் இது எல்லாம் எழுதியிருக்கேன். டோர்னமென்ட் வேற கதை, அது கடைசில தனியா வருது. ஹோல்டம் ரூல்ஸ் தெரியும்னு எடுத்துக்கறேன். ரெய்ஸ் மேல வர்ற ரெய்ஸ் 3-பெட், அதுக்கும் மேல வந்தா 4-பெட், இது தெரிஞ்சா போதும்.

நல்ல ஹேண்ட் வரணும்னுதானே உட்கார்ந்திருக்கோம், வந்ததுக்கு அப்புறம் எதுக்குங்க ஃபோல்ட்?

ரெண்டு கார்டு மொத்தம் 1326 விதமா வரலாம். அதுல ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஆக 18 விதம். அதாவது குயின்ஸ் வந்தாலே நீங்க உச்சியில இருக்கற ஒன்றரை சதவீதத்துக்குள்ள இருக்கீங்க. ஆனா இந்தக் கணக்கு எல்லாம் டீலர் கார்டு போட்ட அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான். ஒருத்தர் ரெய்ஸ் பண்ணி, நீங்க 3-பெட் போட்டு, எதிர்ல இருக்கவர் 300 டாலரையும் தள்ளி ஆல் இன்னு சொன்னதும் அவர் கையில அந்த 1326ம் கிடையாது, ஒரு பத்து இருபது விதம்தான் மிச்சம். அந்தப் பத்து இருபதுக்கு எதிரா உங்க குயின்ஸ் எப்படி நிக்குதுங்கறதுதான் கேள்வி, குயின்ஸ்ங்கற பேருக்கு அங்க தனியா ஒரு மரியாதையும் இல்ல.

நாலு மணி நேரமா குப்பை கார்டுதான், இப்பத்தான் ஒன்னு வந்திருக்கு, இதையும் எப்படி விடறது?

லைவ்ல, அதாவது ஆன்லைன் இல்லாம நேர்ல ஆடும்போது, மக்கள் ஃபோல்ட் பண்ண முடியாம தவிக்கறதுக்கு காரணமே இதுதான்னு நான் நினைக்கறேன், கணக்கு தெரியாம இல்ல. ஏஸ் ஜோடி 221 தடவைக்கு ஒரு தடவை வரும். லைவ் டேபிள்ல ஒரு மணி நேரத்துக்கு 25-30 ஹேண்ட்தான் ஓடும், டீலர் ஷஃபிள் பண்ணணும், ஒருத்தர் ஃபோன் பாத்துட்டிருப்பார், இன்னொருத்தர் டிரிங்க் ஆர்டர் பண்ணுவார். அப்ப ஏஸ் ஜோடி பாக்கவே சராசரியா ஏழு எட்டு மணி நேரம் ஆகும். ஏஸ், கிங், குயின் ஜோடிகளோட ஏஸ்-கிங்கையும் சேத்தா 39 ஹேண்டுக்கு ஒன்னு, மணிக்கு ஒன்னு கூட தேறாது. அவ்வளவு நேரம் காத்திருந்து வந்தது நமக்குன்னே எழுதி வெச்சது மாதிரி தோணும். ஆனா ரெண்டு மணி நேரம் ஸ்டாப்புல நின்னாச்சுங்கறதுக்காக யாரும் வேற ஊர் பஸ்ல ஏறறதில்லையே. எதிர்ல இருக்கவர் கையில என்ன இருக்குங்கறதுக்கும் நீங்க எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கங்கறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

சரி, குயின்ஸை வெச்சே ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க

முதல்ல ஆட வேண்டியவர் 15 டாலர் ரெய்ஸ், ஒருத்தர் கால், நீங்க பட்டன்ல குயின்ஸ் வெச்சு 60 போடறீங்க. ஸ்மால் பிளைண்ட்ல இருக்கவர் திடீர்னு 300 டாலர் ஆல் இன். மத்த ரெண்டு பேரும் விட்டுட்டாங்க. இப்ப பாட்ல 15 + 15 + 60 + 300 + பிக் பிளைண்ட் 3, மொத்தம் 393. நீங்க இன்னும் 240 போடணும். கால் பண்ணா பாட் 633 ஆகும், 240ஐ 633ஆல வகுத்தா சுமார் 38%. அதாவது நூத்துக்கு 38 தடவையாவது ஜெயிச்சாத்தான் கால் கட்டுப்படியாகும்.

இப்ப அவர் பக்கம் பாருங்க. ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மட்டும்தான்னா 12 விதம், உங்களுக்கு 18-19% சான்ஸ், இதுல யோசிக்கவே வேணாம். அதோட சூட் சேர்ந்த ஏஸ்-கிங்கும் உண்டுன்னா 4 விதம் கூடுது, உங்க சான்ஸ் 27% ஆகுது, இன்னும் பத்தாது. எல்லா ஏஸ்-கிங்கையும் தள்ளுவார்னா ஏஸ்-கிங் மட்டுமே 16 விதம், இப்ப உங்க சான்ஸ் 40% கிட்ட வந்துருது, கால் பண்ணலாம். பாத்தீங்களா, ஒரே குயின்ஸ், ஒரே பாட், ஒரே 240 டாலர். ஆஃப் சூட் ஏஸ்-கிங்கை இந்த ஆள் 4-பெட் ஆல் இன் போடுவாரா மாட்டாரா, அந்த ஒரு விஷயத்துலதான் மொத்த முடிவும் தொங்குது.

என்னைக் கேட்டா, 1/3 டேபிள்ல பாதிக்கு மேல ஆளுங்க போட மாட்டாங்க. ஏஸ்-கிங் வந்தா கால் பண்ணி ஃபிளாப் பாப்பாங்க. அதனால முன்பின் தெரியாத ஆள் இப்படி ரெண்டு ரெய்ஸுக்கு மேல வந்து தள்ளினா குயின்ஸை விட்டுடுங்கன்னுதான் சொல்வேன்.

அந்த ஆள் எப்படிப்பட்டவர்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

நீங்க ஹேண்ட்ல இல்லாத நேரத்துல. இதுக்குத்தான் ஃபோல்ட் பண்ணிட்டு ஃபோனை நோண்டாதீங்கன்னு சொல்றது, லைவ்ல மணிக்கு 25 ஹேண்ட்னா அதுல 20ல நீங்க சும்மாதான் இருக்கீங்க, அந்த நேரம் முழுக்க ஓசியில கிடைக்கற தகவல்.

யார் எதை வெச்சு ரெய்ஸ் பண்ணாங்கன்னு ஷோடவுன்ல பாத்து மனசுல வெச்சுக்கணும், ஒருத்தர் 3-பெட் போட்டு ஜாக்ஸ் காட்டினா அவர் ரேஞ்ச் (எந்தெந்த ஹேண்டை வெச்சு அப்படி ஆடுவார்ங்கறது) அகலம், இன்னொருத்தர் ஏஸ்-கிங் வெச்சு வெறும் கால் பண்ணினதை பாத்தீங்கன்னா அவர் 4-பெட் போடற அன்னிக்கு அதை ஞாபகம் வெச்சுக்கணும். வேகஸ் டேபிள்ல "ஓல்ட் மேன் காஃபி"னு ஒரு பட்டப்பேர் உண்டு, காலைலேயே வந்து காஃபி கப்போட உட்கார்ந்து மணிக்கணக்குல ஃபோல்ட் பண்ணிட்டே இருக்கற பெரியவர். அவர் ரெண்டாவது ரெய்ஸ் போட்டாலே கவனம், மூணாவது போட்டா கார்டை டீலர் கிட்ட குடுத்துடுங்க. ஆனா ஒன்னு, நரைச்ச முடியை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, வயசானவங்கள்ல வெறித்தனமா ஆடறவங்களும் இருக்காங்க.

முதல்ல ரெய்ஸ் பண்ணாம வெறும் 3 டாலர் கால் (இதுக்குத்தான் லிம்ப்னு பேர்) பண்ணிட்டு, பின்னாடி யாராவது ரெய்ஸ் பண்ணதும் திரும்ப பெருசா ரீரெய்ஸ் போடறவர் கிட்ட பெரும்பாலும் ஏஸ் இல்லன்னா கிங்ஸ்தான், சின்ன ஸ்டேக்ஸ்ல இது ரொம்ப நம்பகமான அடையாளம். அப்புறம் கை நடுக்கம். சிப்ஸை தள்ளும்போது கை நடுங்குதேன்னு பாத்து புளுஃப் பண்றான்னு நினைச்சு கால் பண்றவங்க நிறைய. பெரிய ஹேண்ட் வந்த பரபரப்புல வர்ற நடுக்கமாத்தான் அது அதிகம் இருக்கும். அதுவரைக்கும் சாஞ்சு உட்கார்ந்து கதை பேசிட்டிருந்தவர் திடீர்னு நிமிர்ந்து உட்கார்ந்து பேச்சை நிறுத்தினாலும் அதே மாதிரி ஜாக்கிரதை. ஆனா உடம்பு மொழியை விட பெட் போட்ட வரலாறுதான் முதல்ல, ஏற்கெனவே முடிவு கிட்டத்தட்ட சரிபாதியா இருக்கும்போது மட்டும் இதை சேத்துக்கங்க.

கிங்ஸை ப்ரீஃபிளாப்ல ஃபோல்ட் பண்ணலாமா?

கிட்டத்தட்ட எப்பவுமே கூடாது.

ஒன்பது பேர் டேபிள்ல நீங்க கிங்ஸ் வெச்சிருக்கும்போது மத்த எட்டு பேர்ல யாராவது ஏஸ் ஜோடி வெச்சிருக்க சான்ஸ் 4% கூட இல்ல, சுமார் 25ல ஒரு தடவை. எதிர்ல இருக்கவர் ஏஸ் ஜோடிக்கும் குயின்ஸுக்கும் ஒரே மாதிரி தள்ளுவார்னா உங்களுக்கு சரியா 50%. ஏஸும் ஏஸ்-கிங்கும் மட்டும்னா கூட 47%, ஏன்னா உங்க கையில ரெண்டு கிங் இருக்கறதால ஏஸ்-கிங் 16 விதத்துல இருந்து 8ஆ குறைஞ்சுருது. பாட் ஏற்கெனவே பெருசாகி 35% இருந்தா போதும்ங்கற நிலைமைன்னு வெச்சுக்கங்க, அப்ப கிங்ஸை விடணும்னா அவர் நாலுல மூணு தடவை ஏஸ் ஜோடியோட வர்றார்னு உங்களுக்கு உறுதியா தெரிஞ்சிருக்கணும். முன்னாடி உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் பாத்த ஆளைப் பத்தி அவ்வளவு உறுதியா சொல்ல முடியுமா? 100 பிக் பிளைண்ட் ஸ்டாக்ல, அதாவது முன்னாடி 300 டாலர் இருக்கும்போது, கால் பண்ணுங்க, ஏஸ் காட்டினா நல்லா விளையாடினீங்கன்னு சொல்லிட்டு இன்னொரு 300 வாங்குங்க.

ஸ்டாக் ஆழமா இருக்கும்போதுதான் விதிவிலக்கு. ரெண்டு பேர் முன்னாடியும் 1500 டாலர் இருக்கு, நீங்க 4-பெட் போட்டாச்சு, அந்த காஃபி பெரியவர் மொத்தத்தையும் தள்றார்னா அங்க கிங்ஸை விட்டாலும் யாரும் குத்தம் சொல்ல முடியாது. போட்டது கொஞ்சம், இனி போடவேண்டியது நிறைய, அதனால ஜெயிக்க வேண்டிய சதவீதமும் ஏறிடும்.

2018 உலக சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்ல பத்து பேர் மிச்சம் இருக்கும்போது ஒரே ஹேண்ட்ல நிக்கோலஸ் மேனியன் கிட்ட ஏஸ் ஜோடி, ஆன்ட்வான் லபாட், ரிச் ஜூ ரெண்டு பேர் கிட்டயும் கிங் ஜோடி. நாலு கிங்கும் ரெண்டு பேர் கையிலேயே, போர்டுல கிங் வரவே வழியில்ல. ஜூ பத்தாவதா வெளிய போனார், மேனியன் சிப் லீடர் ஆனார். இந்த மாதிரி ஹேண்ட் டிவியில மனசுல பதிஞ்சுடுது, அதனாலதான் கிங்ஸ் வந்தாலே ஏஸ் பயம் வருது. சாதாரணமா வந்து சாதாரணமா ஜெயிக்கற கிங்ஸை யாரும் கிளிப் போட்டு ஷேர் பண்றதில்லையே.

ஏஸ் ஜோடி? நாலஞ்சு பேர் ஏற்கெனவே ஆல் இன்னா கூடவா?

கேஷ் கேம்ல, அதாவது சிப்ஸே நிஜப் பணமா இருக்கற இந்த மாதிரி டேபிள்ல, ப்ரீஃபிளாப்ல ஏஸ் ஜோடியை விடவே விடாதீங்க. நிறைய பேர் வந்தா ஏஸ் உடைஞ்சுரும்னு ஒரு பயம் இருக்கு. ஒன்பது பேரும் கண்ணை மூடிட்டு ஆல் இன் போனா ஏஸ் ஜோடி ஜெயிக்கறது சுமார் 35%தான், அது நிஜம். ஆனா நீங்க போட்ட பணம் பாட்ல ஒன்பதுல ஒரு பங்கு, 11%. 11% போட்டு 35% எடுக்கறதை விட நல்ல வியாபாரம் எங்க கிடைக்கும். அடிக்கடி தோப்பீங்க, ஆனா ஜெயிக்கும்போது ஒன்பது மடங்கு.

2014ல 10 லட்சம் டாலர் பை-இன் டோர்னமென்ட்ல கானர் டிரினனும் கேரி காட்ஸும் ஆளுக்கு ஒரு ஏஸ் ஜோடியோட ஆல் இன் போனாங்க, நூத்துக்கு 95 தடவைக்கு மேல பாட் பிரிச்சுக்கற இடம், காட்ஸுக்கு ஃபிளஷ் விழுந்து டிரினன் வெளிய போனார். அதுக்கு என்ன பண்ண முடியும், ஒன்னும் பண்ண முடியாது.

ஏஸ்-கிங்?

என் பார்வையில லைவ்ல அதிகம் பணம் போற ஹேண்ட் இதுதான். பாக்க அழகா இருக்கும், ஆனா இன்னும் ஒரு ஜோடி கூட ஆகல, ஃபிளாப்ல மூணுல ஒரு தடவைதான் ஜோடி சேரும். நல்ல விஷயம் என்னன்னா உங்க கையில ஒரு ஏஸும் ஒரு கிங்கும் இருக்கறதால எதிராளிக்கு ஏஸ் ஜோடி 3 விதம், கிங் ஜோடி 3 விதம்னு பாதியா குறையுது. அதனால நீங்களே முதல்ல தள்றதுக்கு நல்ல ஹேண்ட், அவர் ஃபோல்ட் பண்ணாலும் லாபம். அடுத்தவர் தள்ளி நீங்க கால் பண்றதுதான் வேற. அவர் கிட்ட ஏஸ், கிங், குயின் ஜோடிகள் மட்டும்னா உங்களுக்கு 31% பக்கம், அவரும் ஏஸ்-கிங்கோட தள்ளுவார்னா 39%. மேல போட்ட குயின்ஸ் கணக்குல 38% வேணும்னு வந்துச்சுல்ல, அதே இடத்துல ஏஸ்-கிங்கும் கயிறு மேலதான் நடக்குது. இறுக்கமான ஆள்னா விடுங்க, சூட் சேர்ந்ததா இருந்தாலும் விடுங்க, சூட்டால கூடறது ரெண்டு மூணு சதவீதம்தான்.

ஜாக்ஸ் வந்தாலே எனக்கு கடுப்பு. என்ன பண்ணணும்?

எல்லாருக்கும்தான். ஜாக்ஸ் வெச்சிருக்கும்போது ஃபிளாப்ல குயின், கிங், ஏஸ் ஏதாவது ஒன்னாவது விழ 57% சான்ஸ், பாதிக்கு மேல. எட்டு பேர்ல யாராவது உங்களை விட பெரிய ஜோடி வெச்சிருக்க சான்ஸ் நூத்துக்கு 11-12. ஒரே ஒரு ரெய்ஸ்னா தாராளமா விளையாடுங்க. 3-பெட் வந்தா உடனே 4-பெட் போடாம கால் பண்ணி ஃபிளாப் பாருங்க, பயந்துட்டு ஃபோல்டும் பண்ண வேணாம், கடுப்புல தள்ளவும் வேணாம். மூணாவது ஜாக் ஃபிளாப்ல விழறது எட்டரை தடவைக்கு ஒன்னுதான், அதனால வெறும் அதை நம்பி கால் பண்றதா இருந்தா நீங்க போடற தொகையை விட பதினஞ்சு இருபது மடங்கு பின்னாடி ஸ்டாக்ல இருக்கணும். ரெய்ஸ், 3-பெட், 4-பெட்னு உங்க முறை வர்றதுக்கு முன்னாடியே மூணு நடந்துடுச்சுன்னா ஒரு செகண்ட் கூட யோசிக்காம விட்டுடுங்க.

ஏஸ்-குயின்?

ரெய்ஸுக்கு மேல 3-பெட் வந்திருந்தா ஃபோல்ட். ஏஸ்-கிங் கிட்ட மாட்டினா நாலுல ஒரு தடவைதான் ஜெயிக்கும், அதோட ஃபிளாப்ல ஏஸ் விழுந்தா சந்தோஷமா முழு ஸ்டாக்கையும் இழப்பீங்க.

சால்வர் சார்ட்ல குயின்ஸ் எல்லாம் கால்னு போட்டிருக்கே?

சால்வர்ங்கறது எந்த ஹேண்டை எப்படி ஆடறதுன்னு கணக்கு போடற கம்ப்யூட்டர் புரோகிராம். அது தனக்கு எதிரா தன்னை மாதிரியே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னு வெச்சுக் கணக்கு போடுது. அந்த ஆள் சூட் சேர்ந்த ஏஸ்-அஞ்சு மாதிரி ஹேண்டை வெச்சுக் கூட 4-பெட் புளுஃப் போடுவார். அப்படி புளுஃபும் கலந்து வர்றதாலதான் அங்க குயின்ஸ் கால். 1/3 டேபிள்ல மத்தியானம் மூணு மணிக்கு எத்தனை பேர் ஏஸ்-அஞ்சு வெச்சு 4-பெட் போடறதை பாத்திருக்கீங்க? சார்ட் தப்புன்னு சொல்லல, ஆரம்பத்துல எந்த ஹேண்டை வெச்சு முதல் ரெய்ஸ் போடறதுங்கறதுக்கு ரொம்ப உதவும். 4-பெட் வந்ததுக்கு அப்புறம் சார்ட்ல இருக்கற எதிராளி வேற, உங்க எதிர்ல இருக்கவர் வேற.

ஷார்ட் ஸ்டாக் தள்ளினா?

அங்க இந்த ஃபோல்ட் பேச்சே வேணாம். 120 டாலர் வெச்சிருக்கவர் 15க்கு முதல் ரெய்ஸ் போட்டு, நீங்க 45 போட்டு, அவர் 120ம் தள்றார்னா நீங்க போடவேண்டியது 75தான், 31% இருந்தா போதும். 40 பிக் பிளைண்ட் வெச்சிருக்கவங்க ஜாக்ஸ், டென்ஸ், சாதா ஏஸ்-கிங் எல்லாத்தையும் தள்ளுவாங்க. குயின்ஸ் கால், ஏஸ்-கிங்கும் கால்.

டோர்னமென்ட்ல மாறுமா?

நிறைய. கேஷ்ல தோத்தா திரும்ப சிப்ஸ் வாங்கலாம். மெயின் ஈவென்ட்ல 10,000 டாலர் கட்டி உட்கார்ந்தா ரீ-என்ட்ரி கிடையாது, போனா போனதுதான். 60,000 சிப்ஸ், ஒவ்வொரு லெவலும் 2 மணி நேரம், அதனால ஆரம்பத்துல ஸ்டாக் ரொம்ப ஆழம், அங்க முதல் நாள் குயின்ஸை மொத்த ஸ்டாக்குக்கும் கால் பண்றது பெரும்பாலும் வீண். கிங்ஸை அப்பவும் விட மாட்டேன்.

பரிசுக்குள்ள நுழையற நேரம், ஃபைனல் டேபிள் இதெல்லாம் வந்தா ஜெயிக்கற சிப்பை விட தோக்கற சிப்புக்கு மதிப்பு ஜாஸ்தி, இதைத்தான் ஐசிஎம்னு சொல்றாங்க. இதோட உச்சகட்டம் சாட்டிலைட், அதாவது பெரிய டோர்னமென்டோட சீட்டையே பரிசா குடுக்கற சின்ன டோர்னமென்ட். 10 பேருக்கு மெயின் ஈவென்ட் சீட், 11 பேர் மிச்சம், ஒருத்தர் கிட்ட ஒரே ஒரு பிக் பிளைண்ட்தான் இருக்கு, நீங்க சிப்ஸ்ல ரெண்டாவது. சிப் லீடர் ஆல் இன் தள்றார், உங்க கையில ஏஸ் ஜோடி. ஃபோல்ட் பண்ணுங்க! சும்மா உட்கார்ந்திருந்தாலே சீட் கிட்டத்தட்ட உறுதி, கால் பண்ணா, அவர் எந்த ரெண்டு கார்டை வெச்சும் தள்றவரா இருந்தா கூட, சராசரியா நூத்துக்கு 15 தடவை வெளிய போவீங்க, ஜெயிச்சாலும் கிடைக்கறது அதே ஒரு சீட்டு. முதல் இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் ஒரே பரிசு.

ஃபோல்ட் பண்ணேன், போர்டுல குயின் விழுந்துச்சு. ஜெயிச்சிருப்பேனே?

டாயில் பிரன்சன் 1976லயும் 1977லயும் மெயின் ஈவென்ட் ஜெயிச்ச கடைசி ஹேண்ட் ரெண்டு தடவையும் பத்து-ரெண்டு, ரெண்டு தடவையும் ஃபுல் ஹவுஸ். அதுக்கு அவர் பேரே வெச்சுட்டாங்க. அதுக்காக யாரும் பத்து-ரெண்டு வெச்சு 4-பெட் கால் பண்றதில்ல. போர்டுல விழுந்ததைப் பாத்து முடிவை மார்க் போட ஆரம்பிச்சா அடுத்த ஹேண்ட்லயே கால் பண்ணிடுவீங்க.

ஃபோல்ட் பண்ணும்போது கார்டை காட்டலாமா? டேபிள்ல வேற என்ன கவனிக்கணும்?

காட்டாதீங்க. "பாருங்கப்பா, குயின்ஸ் விட்டேன்"னு காட்டினா டேபிள்ல கை தட்டுவாங்க, அடுத்த அரை மணி நேரத்துல நாலு பேர் உங்க மேல ஏறி ரெய்ஸ் பண்ணுவாங்க. உங்க முறை வர்றதுக்கு முன்னாடி ஃபோல்ட் பண்ணாதீங்க, பின்னாடி இருக்கவங்களுக்கு அது தகவல். யோசிக்க நேரம் எடுத்துக்கங்க, ஆனா ரொம்ப இழுத்தா டேபிள்ல யாராவது டைம் கேப்பாங்க, அதாவது உங்களுக்கு நேரக் கெடு வெக்கச் சொல்வாங்க. எதிராளி எவ்வளவு போட்டார்னு சந்தேகம் இருந்தா டீலரை எண்ணச் சொல்லுங்க, ஒரே ஒரு பெரிய சிப்பை ரெய்ஸ்னு சொல்லாம போட்டிருந்தா அது வெறும் கால்தான், அதை ரெய்ஸ்னு நினைச்சு நல்ல ஹேண்டை விட்டவங்க இருக்காங்க. கார்டு டீலர் பக்கம் போய் மத்த கார்டோட கலந்துடுச்சுன்னா திரும்ப வராது, அதனால எண்ணி முடிக்கற வரைக்கும் கார்டு மேல ஒரு சிப்பை வெச்சுக்கங்க.